திரும்பி வரும் புற்றுநோயும் திருப்பி அனுப்பப்படும் பெண்களும்

அந்த அக்காவின் மருத்துவக் காகிதங்கள் எல்லாம் ஒரு மஞ்சப்பைக்குள் இருந்தன. ஸ்கேன் படம், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், டிஸ்சார்ஜ் சம்மரி, காப்பீட்டு அட்டையின் ஜெராக்ஸ். எது முதலில், எது அடுத்தது என்று யாரும் அவருக்கு அடுக்கிக் கொடுக்கவில்லை. கடலூர் மாவட்டத்துக் காலனி ஒன்றில் வாழ்ந்தவர். கரும்பு வெட்டப் போவார், அது இல்லாத மாதங்களில் நூறு நாள் வேலை. வயது 46. வயிறு உப்பிக்கொண்டு, இரண்டு வாய் சாப்பிட்டாலே போதும் என்று ஆனதை ‘கேஸ்’ என்று சொல்லி ஐந்து மாதம் மாத்திரை கொடுத்தார்கள். வயிற்றில் தண்ணீர் கட்டிய பிறகுதான் சென்னைக்கு அனுப்பினார்கள். சினைப்பைப் புற்றுநோய், மூன்றாம் நிலை. அறுவை செய்தார்கள், ஆறு கீமோ போட்டார்கள். கொட்டிய முடி முளைத்தது, மறுபடி வேலைக்கும் போக ஆரம்பித்தார். எட்டாவது மாதம் வயிறு திரும்பவும் உப்பியது.

புறநோயாளிப் பிரிவில் அன்று இருந்த இளம் மருத்துவர் ஸ்கேனைப் பார்த்துவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: “மறுபடி வந்திருக்கு. இனி பெருசா ஒண்ணும் பண்ண முடியாது. வேணும்னா ஊசி போட்டுப் பாக்கலாம்.” வெளியே வந்த அக்கா எங்களிடம் கேட்டார்: “வேணும்னான்னா, யாருக்கு வேணும்னா பாப்பா?”

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில் தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறோம். நாங்கள் மருத்துவர்கள் இல்லை. காலனிகளிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களோடு கூடப் போய், வரிசையில் நின்று, சீட்டை வாசித்துச் சொல்கிற வேலை எங்களுடையது. எந்த மருந்து யாருக்கு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அப்படிச் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு உண்டு, கேட்கிற உரிமை நமக்கு உண்டு என்பதைச் சொல்ல யாருடைய அனுமதியும் தேவையில்லை.

எட்டு மாதம் என்றால் என்ன பொருள்?

சினைப்பைப் புற்றுநோய் இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பு, கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கு அடுத்து நிற்கிறது. 2020ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி அந்த ஒரே ஆண்டில் இந்தியாவில் சுமார் 45 ஆயிரம் பெண்களுக்கு இது புதிதாக வந்தது, சுமார் 32 ஆயிரம் பேர் இறந்தார்கள். மார்புக்கும் கருப்பைவாய்க்கும் இருப்பதுபோல முன்கூட்டியே கண்டுபிடிக்க நம்பகமான பொதுப் பரிசோதனை எதுவும் இதற்கு இல்லை. அதனால் பெரும்பாலோருக்கு மூன்றாம், நான்காம் நிலையில்தான் தெரியவருகிறது. அந்த நிலையில் சிகிச்சை பெற்றவர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் நோய் திரும்பி வருகிறது.

அதாவது, திரும்பி வருவது விபத்தும் இல்லை, நோயாளி செய்த தவறும் இல்லை. “நீ வேலைக்குப் போனதால்தான் வந்தது”, “கறி தின்றதால்தான் வந்தது” என்று சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். திரும்பி வரும் என்று மருத்துவம் எதிர்பார்க்கிறது. எதிர்பார்ப்பதால்தான் அதற்கென்று ஒரு வழிமுறையையும் வைத்திருக்கிறது.

அந்த வழிமுறையின் முதல் கேள்வி மிகவும் எளியது. கடைசி பிளாட்டினம் மருந்து போட்டு எத்தனை மாதம் ஆகிறது? கார்போபிளாட்டின், சிஸ்பிளாட்டின் ஆகியவைதான் பிளாட்டினம் மருந்துகள். பொதுவாக ஆறு மாதத்துக்குப் பிறகு நோய் திரும்பினால், அதே வகை மருந்து மறுபடி வேலை செய்ய நல்ல வாய்ப்பு உண்டு என்று பார்க்கிறார்கள். கார்போபிளாட்டினோடு இன்னொரு மருந்தைச் சேர்த்துக் கொடுப்பார்கள். ஆறு மாதத்துக்குள்ளேயே திரும்பினால் பிளாட்டினத்துக்கு நோய் அடங்கவில்லை என்று பொருள். அப்போது வாராவாரம் போடும் பாக்லிடாக்சல் போன்ற வேறு மருந்துகளை ஒவ்வொன்றாகக் கொடுப்பார்கள். சிலருக்குப் பெவாசிசுமாப் என்ற மருந்தையும் சேர்ப்பார்கள். ஆறு மாதம் என்பது சுவர் வைத்த எல்லைக்கோடு இல்லை, மற்ற விஷயங்களையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று இப்போது மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆனாலும் பேச்சு தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

நோய் ஓரிரு இடத்தில் மட்டும் திரும்பியிருந்தால் இரண்டாவது அறுவையும் பேசப்பட வேண்டிய ஒன்று. 2019இல் வந்த ஓர் ஆய்வு அதனால் பயனில்லை என்றது. 2021இல் வெளியான ஜெர்மானியக் குழுவின் ஆய்வு, தகுதியானவர்களைக் கவனமாகத் தேர்ந்தெடுத்து அறுவை செய்தால் சராசரி ஆயுள் 46 மாதத்திலிருந்து ஏறத்தாழ 54 மாதமாகக் கூடுவதைக் காட்டியது. கட்டி முழுதாக எடுக்கப்பட்டவர்களுக்கே முக்கியமாக அந்தப் பயன் கிடைத்தது. எல்லாருக்கும் பொருந்தாது, ஆனால் சிலருக்குப் பொருந்தும். அந்தச் சிலரில் நாம் இருக்கிறோமா என்று யாராவது பார்த்தார்களா என்பதுதான் கேள்வி.

நம் அக்காவுக்கு எட்டு மாதம். கையிலிருந்த சீட்டைப் பார்த்தாலே தெரிகிற கணக்கு. பத்து நாள் கழித்து, அதே மருத்துவமனையில் மூத்த மருத்துவர் ஒருவரைப் பார்க்கக் காத்திருந்து, தேதிகளை வரிசையாக எழுதிய ஒரு தாளை அவர் முன் வைத்தோம். இரண்டு நிமிடம் பார்த்தார். “இது பிளாட்டினம் கேக்கற கேஸ்தான். அடுத்த வாரம் அட்மிட் ஆகச் சொல்லுங்க” என்றார். கார்போபிளாட்டின் மறுபடி போடப்பட்டது. ஏறத்தாழ ஒரு வருடம் அக்கா நடமாடினார். பெரிய மகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தார்.

அந்த ஒரு வருடத்தைக் கொடுத்தது கோடி ரூபாய் மருந்து இல்லை. காப்புரிமை எப்போதோ முடிந்து, நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இருக்கிற மருந்து. இளம் மருத்துவரை மட்டும் குற்றம் சொல்லி முடித்துக்கொள்ளவும் நாங்கள் விரும்பவில்லை. அன்று அவர் முன் நின்ற வரிசை எவ்வளவு நீளம் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் அதே அவசரத்தில் அதே வார்த்தையைக் கேட்ட வேறொரு குடும்பம் என்ன செய்திருக்கும்? அவர்களுக்குச் சொந்தத்தில் ஒரு டாக்டர் இருப்பார். சித்தப்பா மகன், மச்சினியின் நாத்தனார் என்று யாரோ ஒருவர். இரவு எட்டு மணிக்கு ஒரு போன், வாட்ஸப்பில் ஸ்கேன் படம், மறுநாள் காலையில் வேறொரு மருத்துவரின் அப்பாயின்ட்மென்ட். ‘செகண்ட் ஒபினியன்’ என்பது இந்த நாட்டில் காசு கொடுத்து வாங்குகிற பொருள் மட்டுமில்லை, சாதி வழியாக வருகிற சொத்து. படிப்பு எத்தனை தலைமுறையாக மறுக்கப்பட்டதோ அத்தனை தலைமுறையாக நமக்கு அந்தப் போன் நம்பரும் மறுக்கப்பட்டிருக்கிறது. தலித் பெண்கள் இறக்கும் சராசரி வயது, ஆதிக்கச் சாதிப் பெண்களுடையதைவிட 14.6 ஆண்டு குறைவு என்று 2018இல் ஐ.நா. பெண்கள் அமைப்பின் அறிக்கை சொன்னது. அந்தப் பதினான்கரை ஆண்டும் ஒரே நாளில் பறிபோவதில்லை. “வேணும்னா போட்டுப் பாக்கலாம்” என்று எட்டு மாதம், பத்து மாதமாகப் பறிபோகிறது.

புது மருந்துகளும் ஒரு ரத்தப் பரிசோதனையும்

கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இந்த நோய்க்கான மருத்துவம் வேகமாக மாறியிருக்கிறது. பிஆர்சிஏ என்று சொல்லப்படும் மரபணுவில் பழுது உள்ளவர்களுக்கு ஓலாபரிப் போன்ற மாத்திரைகள் வந்தன. முதல் சிகிச்சை முடிந்ததும் ஓலாபரிப் கொடுத்தவர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்கு மூன்று ஆண்டுவரை நோய் திரும்பவில்லை, கொடுக்காதவர்களில் அது 27 சதவீதமே என்று 2018இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. நோய் திரும்பி, பிளாட்டினத்துக்கு அடங்கியவர்களுக்கும் அடுத்த திரும்பலைத் தள்ளிப்போட இவ்வகை மாத்திரை தரப்படுகிறது. பிளாட்டினத்துக்கு அடங்காத நோய்க்கு, கட்டியின் மேல் ஒரு குறிப்பிட்ட புரதம் அதிகமாக உள்ளவர்களுக்கு மட்டும், மிர்வெடுக்சிமாப் என்ற மருந்து வந்திருக்கிறது. அமெரிக்காவில் 2024இல் அதற்கு முழு அனுமதி கிடைத்தது. ஆய்வில் அது கூட்டிய சராசரி ஆயுள் நான்கு மாதத்துக்குச் சற்றுக் குறைவு. நான்கு மாதம் சின்னதா பெரியதா என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்? மகளின் பிரசவத்தைப் பார்க்கக் காத்திருக்கிற தாயிடம் கேட்க வேண்டிய கேள்வி அது.

அதே நேரம், புதிது என்பதாலேயே நல்லது என்றும் ஆகிவிடாது. இதே மாத்திரை வகையை, பல சுற்றுக் கீமோ முடிந்து கடைசிக் கட்டத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்ததில் ஆயுள் கூடவில்லை, குறைந்திருக்கவும் கூடும் என்ற தரவு வந்ததால், 2022இல் அந்தப் பயன்பாட்டை அமெரிக்காவில் கம்பெனிகளே திரும்பப் பெற்றன. நிலத்தை விற்று, வட்டிக்கு வாங்கி, “எந்த ஊசியா இருந்தாலும் போடுங்க சார்” என்று காலில் விழுகிற குடும்பங்களுக்கு இதுவும் தெரிந்தாக வேண்டும். மாதாமாதம் தனியார் லேபில் சிஏ 125 பரிசோதனை செய்து காசைக் கரைப்பவர்களுக்கு இன்னொன்று: உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாதபோது அந்த எண் ஏறியதை மட்டும் வைத்து முன்கூட்டியே கீமோ தொடங்கியவர்கள், தொந்தரவு வந்தபின் தொடங்கியவர்களைவிட அதிக நாள் வாழவில்லை என்று 2010இல் லான்செட் இதழில் வந்த ஐரோப்பிய ஆய்வு காட்டியது. அந்தப் பரிசோதனை தேவையா, எத்தனை மாதத்துக்கு ஒரு முறை என்று மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

புது மாத்திரைக்கான வாசல் ஒரு மரபணுப் பரிசோதனை. அந்தப் பரிசோதனையை அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அப்போது எங்களுக்கே தெரியாது. அதன் விளைவு என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறோம்.

எலியாகவும் வேண்டாம், வெளியாளாகவும் வேண்டாம்

ஒரு வருடம் கழிந்து நோய் மறுபடி வந்தது. இரண்டாவது சுற்று முடிந்து நான்கே மாதத்தில் வந்ததால், இந்த முறை பிளாட்டினம் உதவாது என்றார்கள். அப்போதுதான் ஒரு தனியார் மருத்துவமனையில் கிளினிக்கல் டிரையல், அதாவது புது மருந்தை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் ஆய்வு நடக்கிறது, மருந்து இலவசம் என்று தகவல் வந்தது.

இந்தச் சொல்லைக் கேட்டதும் நம் இயக்கத் தோழர்கள் பலருக்குக் கோபம் வரும். வருவதற்குக் காரணம் உண்டு. 1999-2000இல் திருவனந்தபுரத்தில், வாய்ப் புற்றுநோயாளிகள் 26 பேரிடம் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வாளர் தொடர்புடைய ஒரு மருந்து, முறையான ஒப்புதல் இல்லாமல் சோதிக்கப்பட்டது. 2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வுக்காக ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்கு ஊசி போட்டார்கள். அதில் ஏராளமானோர் பழங்குடி விடுதிகளில் தங்கிப் படித்த பிள்ளைகள். ஏழு சிறுமிகள் இறந்ததை அடுத்து 2010இல் நிறுத்தப்பட்டது. அந்த மரணங்களுக்கும் ஊசிக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை. ஆனால் ஒப்புதல் வாங்கிய விதம் அம்பலமானது. பார்க்கப்பட்ட 9,543 படிவங்களில் 1,948இல் கைநாட்டு, 2,763இல் விடுதிக் காப்பாளரின் கையெழுத்து. பெற்றோர் பிள்ளையைப் படிக்க அனுப்பினார்கள், வார்டன் பிள்ளையின் உடம்புக்குக் கையெழுத்துப் போட்டார். 2011இல் குண்டூர் மாவட்டம் பிடுகுராள்ளவிலிருந்து கூலி வேலை செய்யும் ஏழைப் பெண்களை ஹைதராபாத்துக்கு அழைத்துப் போய், நோயே இல்லாத அவர்கள் உடம்பில் மார்புப் புற்றுநோய் மருந்தைச் சோதித்த செய்தியும் வெளிவந்தது. 2005 முதல் 2012 வரை புது மருந்து ஆய்வுகளின்போது 2,644 பேர் இறந்தார்கள், அதில் 80 மரணங்கள் ஆய்வினால் நேர்ந்தவை என்று ஒன்றிய அரசே உச்ச நீதிமன்றத்தில் சொன்னது.

நம் திண்டுக்கல் மாவட்டத்தையும் மறக்கக் கூடாது. 2000 முதல் 2006 வரை அங்கே நடந்த ஆய்வில் சுமார் 80 ஆயிரம் கிராமத்துப் பெண்கள் இருந்தார்கள். ஒரு பகுதியினருக்குக் கருப்பைவாய்ப் பரிசோதனை, சுமார் 30 ஆயிரம் பேர் கொண்ட இன்னொரு பகுதிக்கு அந்தப் பரிசோதனை கிடையாது. பரிசோதிக்கப்பட்ட பக்கத்தில் அந்தப் புற்றுநோய் மரணம் 35 சதவீதம் குறைந்தது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் செய்யும் எளிய பரிசோதனைக்கு அந்த ஆய்வும் ஒரு அடித்தளம். அதனால் நம் பெண்களுக்கும் பயன் உண்டு. ஆனால் அந்த 30 ஆயிரம் பேர் பரிசோதனை இல்லாமல் விடப்பட்டதை எந்த நகரத்து மேட்டுக்குடிப் பெண்கள் ஒத்துக்கொண்டிருப்பார்கள்?

இவ்வளவும் தெரிந்துதான் நாங்கள் அக்காவோடு அந்த மருத்துவமனைக்குப் போனோம். இருபது பக்கத்துக்கு மேல் ஒப்புதல் படிவம். தமிழில்தான் இருந்தது, ஆனால் யார் பேசுகிற தமிழ் என்று தெரியவில்லை. ‘எதிர்பாதகமான நிகழ்வுகள்’, ‘சமவாய்ப்பு ஒதுக்கீடு’ என்றெல்லாம் எழுதியிருந்தது. ஒதுக்கீடு என்ற வார்த்தையைக் கேட்டதும் அக்கா, “நமக்கு கோட்டா இருக்குதா?” என்றார். இல்லை அக்கா, குலுக்கல், யாருக்குப் புது மருந்து, யாருக்குப் பழைய மருந்து என்று கம்ப்யூட்டர் குலுக்கிப்போடும் என்று சொன்னோம். அதன்பிறகு அவர் ஒருங்கிணைப்பாளரிடம் இரண்டு கேள்வி கேட்டார். “இதுல எனக்கு எவ்ளோ நல்லது, உங்களுக்கு எவ்ளோ நல்லது?” என்பது முதலாவது. “நான் வேணாம்னு சொன்னா, அங்க பெரிய ஆஸ்பத்திரில எனக்கு ஊசி போடறத நிறுத்திடுவாங்களா?” என்பது இரண்டாவது.

நாங்கள் படித்த எந்த அறவியல் நெறிமுறையும் இந்த இரண்டு கேள்வியைவிட அதிகமாக எதையும் கேட்டுவிடவில்லை. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் கிளினிக்கல் டிரையல் விதிகள் இரண்டாவது கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்கின்றன. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகுவதால் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. நோயாளிக்குப் புரிகிற மொழியில் விளக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் கூட இருக்க வேண்டும். ஆய்வினால் பாதிப்பு வந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் தர வேண்டும். ஆய்வுக்கு அனுமதி தரும் அறநெறிக் குழுவில் குறைந்தது ஏழு பேர், பாதிப்பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்கள். சட்டம் இவ்வளவு தூரம் வந்திருப்பது போராட்டத்தால்தான்.

ஆனால் அதே சட்டத்தின் இழப்பீட்டுக் கணக்கையும் பாருங்கள். அடிப்படைத் தொகை 8 லட்சம். வயதுக்கு ஒரு எண், நோயின் தீவிரத்துக்கு ஒரு எண் வைத்துப் பெருக்குகிறார்கள். நோயில்லாதவருக்கு அந்த எண் 4. ஆறு மாதத்துக்கு மேல் வாழமாட்டார் என்று கருதப்படுகிறவருக்கு அரை. அந்தக் கணிப்பைச் சொல்வது மருத்துவம். ஆனால் அக்காவைப் போன்ற ஒருவர் அந்தக் கணிப்புக்கு வந்துசேரும் முன்பு, ‘கேஸ்’ என்று கழிந்த ஐந்து மாதத்தை எந்த எண்ணால் பெருக்குவது?

அக்கா யோசித்து, மகள்களோடு பேசி, ஒத்துக்கொண்டார். கைநாட்டு வைக்க மாட்டேன் என்று சொல்லித் தன் பெயரை எழுதினார். பிறகு தகுதிப் பரிசோதனைகள் செய்தார்கள். ஹீமோகுளோபின் 8.6. ஆய்வுக்குக் குறைந்தது 9 வேண்டும், ரத்தம் ஏற்றிக்கொண்டும் வரக் கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

விதி நியாயமானதுதான். ரத்தம் குறைவாக உள்ளவருக்குப் புது மருந்து ஆபத்தாகலாம். பல புற்றுநோய் ஆய்வுகளில் 9 அல்லது 10 என்பது வழக்கமான அளவு. ஆனால் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. அந்தப் பாதிப்பேர் யார் வீட்டுப் பெண்கள்? கடைசியாகச் சாப்பிடுகிறவர்கள், சட்டியில் மிச்சம் இருந்தால் சாப்பிடுகிறவர்கள் யார்? சாதி என்று படிவத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. ரத்தத்தில் எழுதியிருந்ததை மெஷின் படித்துச் சொன்னது.

இங்கேதான் நம் தோழர்களோடு எங்களுக்கு ஒரு கருத்து வேறுபாடு. டிரையல் என்றாலே சுரண்டல், நம் மக்கள் பக்கத்திலேயே போகக் கூடாது என்பதை நாங்கள் ஏற்கவில்லை. ஆபத்து அதிகம் உள்ள இடத்துக்கு, நாள் கூலி கொடுத்து நம் உடம்பைத் தேடி வருகிறார்கள். நம்பிக்கை அதிகம் உள்ள இடத்தில் தூரம், பயணச் செலவு, மரபணுப் பரிசோதனை, ஹீமோகுளோபின் என்று வாசலிலேயே நிறுத்தப்படுகிறோம். இரண்டும் ஒரே தீண்டாமையின் இரண்டு கைகள். ஒன்றை மட்டும் எதிர்த்தால் மற்றதுக்கு நாமே துணை போனதாகும். நம் பெண்கள் இல்லாமல் சோதிக்கப்பட்ட மருந்து, ரத்தசோகையும் அரைவயிறும் உள்ள நம் பெண்களின் உடம்பில் எப்படி வேலை செய்யும் என்று யாருக்கும் தெரியாமலேயே சந்தைக்கு வரும். அதே சமயம், “டிரையல்தான் உங்களுக்கு பெஸ்ட் ட்ரீட்மென்ட்” என்று சொல்கிற மருத்துவர்களையும் நம்ப வேண்டியதில்லை. ஆய்வு நடப்பதே எது நல்லது என்று தெரியாததால்தான்.

நாங்கள் கேட்பவை

நோய் திரும்பி வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பக்கத் தாள் ஒன்றைத் தமிழில் எழுதித் தர வேண்டும். என்ன வகை நோய், என்னென்ன மருந்து போட்டது, கடைசி பிளாட்டினம் எந்தத் தேதி, இப்போது உள்ள வழிகள் என்னென்ன, ஒவ்வொன்றாலும் என்ன கிடைக்கலாம் என்பது அதில் இருக்க வேண்டும். இதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை, பேனா போதும்.

சினைப்பைப் புற்றுநோய் என்று உறுதியான ஒவ்வொருவருக்கும் பிஆர்சிஏ பரிசோதனையும் அதை விளக்கும் ஆலோசனையும் அரசுச் செலவில் கிடைக்க வேண்டும். பரிசோதனை மட்டும் செய்து மாத்திரை தராமல் விட்டால் அதுவும் கொடுமை. முதலமைச்சர் காப்பீட்டின் ஆண்டுக்கு 5 லட்சம் என்ற வரம்புக்குள் இத்தகைய மருந்துகள் எந்த அளவுக்கு அடங்கும் என்று அரசு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 2012இல் ஒரு புற்றுநோய் மருந்துக்கு இந்தியா கட்டாய உரிமம் கொடுத்து, மாதம் 2.8 லட்சமாக இருந்த விலையை 8,880 ரூபாய்க்குக் கொண்டுவந்ததை நினைவூட்டுகிறோம். செய்ய முடியாதது இல்லை, செய்த நாடுதான் இது.

ஆய்வு நடத்துகிறவர்கள் ஒப்புதல் படிவத்தை மக்கள் பேசும் தமிழில் எழுத வேண்டும், வீட்டுக்கு எடுத்துப் போய் யோசிக்க நாள் தர வேண்டும். பயணப்படியோடு இழந்த கூலியையும் தர வேண்டும். ரத்தசோகையைக் காட்டித் திருப்பி அனுப்பும் முன், அதைச் சரிசெய்து மறுபடி வரச் சொல்லும் ஏற்பாடு வேண்டும். எத்தனை பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்கள் சேர்க்கப்பட்டார்கள், எத்தனை பேர் எந்தக் காரணத்தால் திருப்பப்பட்டார்கள் என்று கணக்கு வெளியிட வேண்டும். அறநெறிக் குழுக்களில் நம் பெண்கள் உட்கார வேண்டும்.

அடுத்து, வலி. எந்த மருந்தும் கேட்காத கட்டம் ஒன்று வரும். அதற்குப் பிறகும் மருத்துவம் உண்டு. வயிற்றில் கட்டிய தண்ணீரை எடுப்பதும், குடல் அடைப்புக்கு வழி செய்வதும், மார்ஃபின் தருவதும் மருத்துவம்தான். மார்ஃபினுக்கான கெடுபிடியைத் தளர்த்த 2014இலேயே சட்டம் திருத்தப்பட்டது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் வலி நிவாரணச் சேவையும் உண்டு. உங்கள் காலனிக்கு அந்தச் செவிலியர் வருகிறாரா, ஊர்த்தெருவோடு திரும்பிவிடுகிறாரா என்று பாருங்கள். வரவில்லையென்றால் எழுதிக் கேளுங்கள்.

அக்கா ஆய்விலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட பிறகு வாராவாரம் போடும் ஊசி ஐந்து மாதம் போட்டார்கள். பிறகு அவரே “போதும் பாப்பா, வீட்டுக்குப் போலாம்” என்றார். கடைசி ஏழு வாரம் மார்ஃபின் மாத்திரை கிடைத்தது. அதற்காக மூன்று முறை அலைய வேண்டியிருந்தது, ஆனால் கிடைத்தது. போன தை மாதம் இறந்தார்.

அவருடைய இளைய மகளுக்கு இப்போது 24 வயது. போன மாதம் எங்களிடம் வந்து, “அம்மாவுக்கு வந்தது எனக்கும் வருமா?” என்று கேட்டாள். அம்மாவுக்கு அந்த மரபணுப் பரிசோதனை செய்திருந்தால் அவளுக்குச் சொல்ல எங்களிடம் ஒரு பதில் இருந்திருக்கும். இந்த நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அந்தப் பழுது இருக்கிறது. இருந்தால், அது மகளுக்குப் போக இரண்டில் ஒரு வாய்ப்பு. தெரிந்துகொண்டால், குழந்தைகள் பெற்று முடித்த பிறகு சினைப்பையை முன்கூட்டியே எடுத்து நோயைப் பெரும்பாலும் தடுக்க வழி உண்டு. இப்போது அந்தப் பரிசோதனையை அவளுக்கே செய்ய அலைந்துகொண்டிருக்கிறோம்.

அம்மாவின் மஞ்சப்பையைத்தான் கொண்டு வந்திருந்தாள். காகிதங்களைத் தேதிவாரியாக அடுக்கி, நூல் போட்டுக் கட்டியிருந்தாள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பை இருந்தால் இன்றைக்கே பிரித்து அடுக்குங்கள். கடைசி கீமோ தேதியை மேலே பெரிதாக எழுதுங்கள். அடுத்த முறை மருத்துவர் முன் உட்காரும்போது இதைக் கேளுங்கள்: எத்தனை மாதம் ஆகிறது, எனக்கு என்னென்ன வழி இருக்கிறது, எதனால் எவ்வளவு பயன், வேண்டாம் என்று சொன்னால் என்ன ஆகும், என் மகளுக்குப் பரிசோதனை தேவையா? பதில் கிடைக்கும்வரை எழுந்திருக்காதீர்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் சொல்லுங்கள், நாங்கள் கூட வருகிறோம்.

ஜெய்பீம்.